ஆடு ஏறியதா இல்லையா

மைக் இன்னும் முன் வரிசையிலேயே மாட்டிக்கொண்டு கிடந்தது. வெள்ளைச் சட்டைப் பெரியவர் ஒருத்தர் வாங்கினார், வாங்கினவர் வாங்கினவர்தான். கேள்வி கேட்கிறேன் என்று எழுந்து, பிறந்த ஊரில் தொடங்கி இப்போதுதான் காலேஜ் வரைக்கும் வந்திருக்கிறார். இன்னும் கல்யாணம் ஆகி, வேலைக்குப் போய், பென்ஷன் வாங்கி, அப்புறம்தான் கேள்விக்கு வருவார் போல. பேசட்டும் பேசட்டும், அவர் பேசப் பேசத் தன் முறை தள்ளிப்போகும் என்று மேகலாவுக்கு ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம், ஐயோ, இந்த மனுசன் உட்கார மாட்டாரா, நேரம் முடிந்தது என்று சொல்லி மேடையில் பொன்னாடையைப் பிரித்துவிடுவார்களோ என்று ஒரு பயம். மடியில் ரக்சிதா வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். கால் மரத்துப்போய் அது தன் காலா பக்கத்து நாற்காலிக்காரியின் காலா என்றே தெரியவில்லை. அசைந்தால் முழிப்பாள், முழித்தால் அழுவாள், அழுதால் எழுந்து வெளியே போக வேண்டும், போனால் போச்சு. இதற்காகவா காலையிலிருந்து இந்தப் பந்தலில் உட்கார்ந்திருப்பது. கேள்வி என்னவோ சின்னக் கேள்விதான். பஸ்ஸில் வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தாயிற்று. ஏனுங்கம்மா, உங்க கதையில வர்ற பொம்பள பஸ்ஸுல ஏறுனாளுங்களா இல்லீங்களா, அந்த ஆடு என்ன ஆச்சுங்க. அவ்வளவுதான். இதில் வணக்கத்தை எங்கே சேர்ப்பது என்பதுதான் தெரியவில்லை. முன்னால் சேர்த்தால் ஏனுங்கம்மா இடிக்கிறது, பின்னால் சேர்த்தால் கேட்டுவிட்டுப் போய்வருகிறேன் என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. எல்லாரும் மேடையில் இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக வணக்கம் சொல்கிறார்கள், அந்தப் பேர்களெல்லாம் இவளுக்கு ஞாபகம் இருக்குமா. சௌந்தரவல்லி என்கிற ஒரு பேர்தான் ஞாபகம். அதோ நடு நாற்காலியில், கண்ணாடியைக் கழற்றிச் சேலை நுனியால் துடைத்துக்கொண்டு, பெரியவர் எப்போது காலேஜை முடிப்பார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறதே, அந்த அம்மாள்தான். எழுத்தாளர். பார்த்தால் ரேஷன் கடையில் முன்னால் நிற்கிறவங்க மாதிரிதான் இருக்கிறாங்க. அதுவே இவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

அந்தக் கதையை மேகலா படித்தது கிடையாது. ஏழாவதோடு நின்றவள், எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள், ஆனால் கதை அவளுக்கு வந்தது காது வழியாக, கம்பெனியின் செக்கிங் டேபிள் வழியாக. தைத்து வருகிற பனியன்களில் நீட்டிக்கொண்டு நிற்கிற நூல் பிசிரை வெட்டி, ஓட்டை இருக்கிறதா கறை இருக்கிறதா என்று விரித்துப் பார்த்து அடுக்குகிற நீள மேஜை அது. கை பாட்டுக்கு வெட்டும், வாய் சும்மா இருக்குமா. தனபாக்கியம் அக்கா ஒரு நாள் பஸ் சீட்டில் யாரோ விட்டுப்போன பழைய வாரப் பத்திரிகையில் அந்தக் கதையைப் படித்தது, இறங்கும்போது பத்திரிகையை அங்கேயே வைத்துவிட்டுக் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தது. டேபிளில் சொல்ல ஆரம்பித்தது. சூப்பர்வைசர் வந்தால் கதைப் பொம்பளை எங்கே நிற்கிறாளோ அங்கேயே நிற்பாள், அவர் அந்தப் பக்கம் திரும்பின பிறகுதான் அடுத்த அடி வைப்பாள். விடியறதுக்கு முன்னால் எழுந்திருக்கிறாள். தூங்குகிற குழந்தையைத் தோளில் போடுகிறாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறாள். அந்த வீட்டில் யாரும் அவளை அடிக்கவில்லை, யாரும் வையவில்லை, கதையில் பெரிய சிக்கலே அதுதான் என்று தனபாக்கியம் அக்கா சொல்லும். இருட்டு ரோட்டில் நடக்கிறாள், ஒரு ஆட்டுக்குட்டி பின்னாலேயே வருகிறது. போ போ என்று விரட்டுகிறாள், நிற்கிறது, இவள் நடந்தால் மறுபடி வருகிறது. முதல் பஸ் வெளிச்சம் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. ஏறறயா இல்லயாம்மா என்று கண்டக்டர் கேட்கிறார். கதை முடிந்தது. முடிஞ்சதா, எங்க முடிஞ்சது, ஏறுனாளா இல்லையா. அவ்வளவுதான் போட்டிருக்குது, நான் என்ன பண்ணட்டும் என்று தனபாக்கியம் அக்கா கையை விரித்ததும் டேபிள் ரெண்டாகப் போய்விட்டது. ஏறினாள் என்கிறவர்கள் ஒரு பக்கம், ஏறவில்லை என்கிறவர்கள் ஒரு பக்கம், மத்தியானச் சோற்றில்கூட அந்தப் பக்கத்து ஊறுகாய் இந்தப் பக்கம் வராது. சண்டையெல்லாம் ஆட்டை வைத்துத்தான். பால்குடி மறக்காத குட்டிய நடுரோட்டுல விட்டுப்போட்டு எந்தப் பொம்பள ஏறுவா என்று ஒருத்தி கேட்டால், ஏன், ஆட்டுக்கு லக்கேஜ் டிக்கெட் போட மாட்டாங்களா, எங்கூருப் பஸ்ஸுல சந்தைக்குப் போறப்ப ஏத்தறாங்களே என்று இன்னொருத்தி. மேகலா எந்தப் பக்கமும் சேரவில்லை. வாயைத் திறந்தால் முகம் சிவந்துபோகிற ரகம் அவள். பிசிரை வெட்டிக்கொண்டே கேட்பாள், வயிற்றுக்குள் ரக்சிதாவும் அப்போது கேட்டுக்கொண்டிருந்தாளோ என்னவோ. ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் அந்தப் பஸ் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு நின்றபடியே நிற்கும், எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும், போகவே போகாது.

பிரசவத்துக்கு லீவு போட்டு வந்தாச்சு, பாப்பா பிறந்தாச்சு, குப்புற விழுந்தாச்சு, தவழ ஆரம்பிச்சாச்சு, டேபிளில் சண்டை மட்டும் தீரவில்லை. போன வாரம் தனபாக்கியம் அக்கா போன் பண்ணியது. சுவரில் போஸ்டர் பார்த்தேன், பள்ளிக்கூட மைதானத்தில் இலக்கியத் திருவிழாவாம், அந்தச் சௌந்தரவல்லி அம்மா வருதாம், எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் போட்டுட்டாங்க, நீதானே வீட்டுல இருக்கற, போய் அந்தம்மாகிட்டயே கேட்டுப்போட்டு வா, பதிலோட வா என்றது. சிரித்துக்கொண்டுதான் சொன்னது. ஆனால் வா என்ற வார்த்தை மேகலாவின் காதிலேயே தங்கிவிட்டது. ஏனென்றால் நாளைக்குத் திங்கட்கிழமை. நாளைக்கு வரவில்லையென்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். குழந்தைகளை விட ஒரு ரூம் இருக்கிறது, ஆயா இருக்கிறாள், நடுவில் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம், கம்பெனி பஸ் தெருமுனைக்கே வருகிறது. எல்லாம் இருக்கிறது. வீட்டில் வேண்டாம் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலாவது பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம். அத்தை தங்கமானவங்க. கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு உனக்கு எதுக்கு கண்ணு இந்தப் பாடு, உன்னைய யாரு சம்பாதிக்கச் சொன்னா என்று தலையைத் தடவிக்கொடுத்து எண்ணெய் வைக்கிறாங்க. தலையைத் தடவுகிற கைக்கு என்ன பதில் சொல்வது. கட்டினவர் உன் இஷ்டம் என்றார். உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு, இதில் தன் இஷ்டம் எங்கே இருக்கிறது என்று இருட்டில் தேடிக்கொண்டிருந்தாள். டேபிளை நினைத்தால் நெஞ்சுக்குள் ஒரு குதிப்பு, புதுப் பனியன் துணியின் அந்தச் சூடான வாசம், கத்தரிகளின் கிரிச் கிரிச், அந்தச் சண்டை, அந்தச் சிரிப்பு. குதித்த உடனே பயம். பெத்த பிள்ளையைவிட டேபிள் பெருசாப் போச்சா என்று யாரும் கேட்கவில்லை, இவளேதான் கேட்டுக்கொள்கிறாள். சரி, அந்தப் பொம்பளை ஏறினாளா இல்லையா, அதை முதலில் தெரிந்துகொள்வோம், அப்புறம் பார்க்கலாம் என்று எண்ணம் அங்கே போய் ஒட்டிக்கொண்டது. ஏறினாள் என்றால் நாளைக்குத் தெருமுனையில் போய் நிற்பது. ஏறவில்லை என்றால், ஏறவில்லை என்றால் என்ன, ஒன்றுமில்லை, அத்தை எண்ணெய் வைப்பாங்க.

எந்த நேரத்துக்கு அந்த அம்மாள் பேசும் என்று தெரியாமல் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். அதுவும் நல்லதாகப் போயிற்று, இப்படி ஒரு நாள் அவள் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. ஒருத்தர் மாற்றி ஒருத்தர் பேசினார்கள், பாதி புரிந்தது, பாதி புரியவில்லை, புரியாததும் நன்றாகத்தான் இருந்தது, மழை பெய்கிறபோது ஒவ்வொரு துளிக்குமா அர்த்தம் கேட்கிறோம். ஒரு சின்னப் பொண்ணு கவிதை வாசித்துவிட்டு மேடையிலேயே அழுதுவிட்டது, ஒரு தாடிக்காரர் இன்னொரு தாடிக்காரரைப் பேர் சொல்லாமல் திட்டினார், கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் பேர் தெரிந்திருந்தது போல, ஓவென்று சிரித்தார்கள், இவளும் சேர்ந்து சிரித்தாள். நடுவில் ரக்சிதா பசிக்கு அழ, எங்கே போவது என்று விழித்தபோது திருவிழாவுக்கு ஒத்தாசை செய்கிற பொண்ணு ஒன்று மேடைக்குப் பின்னால் திரை கட்டிய இடத்துக்குக் கூட்டிப்போனது. உள்ளே கூத்துக்காரர் ஒருத்தர் பாதி முகத்துக்குப் பச்சை பூசிக்கொண்டு, பக்கத்தில் கிரீடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீதி முகத்தைப் பூசாமலேயே எழுந்து, நீ குடு தாயி என்று சொல்லிவிட்டுத் திரைக்கு வெளியே போய் முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நின்றார். உள்ளே வரப் பார்த்தவர்களையெல்லாம் ராஜா குரலில் விரட்டினார். பாப்பா பால் குடித்துக்கொண்டே அந்த உறுமலுக்கு ஒரு தரம் நிறுத்தி, கேட்டு, மறுபடி குடித்தது. வெளியே வந்தபோது பச்சை முகத்தைப் பார்த்து அலறப்போகிறது என்று நினைத்தால் பொக்கை வாயைக் காட்டிச் சிரிக்கிறது. அப்புறம் அதே மனுசன் மேடையில் ஏறி ஆடினபோது பார்க்கணுமே, பலகை அதிர்ந்தது, அந்த அதிர்வு நாற்காலிக் கால் வழியாக ஏறி இவள் முதுகுத்தண்டில் வந்து நின்றது. எங்கவரு என்று சொல்லிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, எனக்குக் காவல் நின்னவரு. அதற்குப் பிறகு வள்ளி கும்மி, நூறு பொண்ணுங்க ஒரே நிறச் சேலையில் கை தட்டிச் சுற்றினார்கள், அந்தத் தட்டு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. இதையெல்லாம் டேபிளில் சொன்னால் ஒரு வாரம் ஓடும், கூத்துக்காரரை மட்டுமே ரெண்டு நாளைக்குச் சொல்லலாம், சூப்பர்வைசர் வந்தால் பச்சை முகத்தோடு அப்படியே நிறுத்தி வைக்கலாம். ஆனால் யார் போய்ச் சொல்வது, போனால்தானே.

பெரியவர் பென்ஷனுக்கு வந்து, கடைசியில் கேள்வியே இல்லாமல் வாழ்த்துச் சொல்லி உட்கார்ந்தார். கடைசியா ஒரே ஒரு கேள்வி என்று மேடையில் சொன்னார்கள். அந்த ஒத்தாசைப் பொண்ணு மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தது. மேகலாவின் கை மேலே போயிருந்தது. எப்போது போனது, யார் தூக்கினது, தெரியாது, பாப்பா தலைக்கு மேலே தன் கை கண்ணாடி வளையலோடு நிற்பதைத் தானே பார்த்தாள், இறக்கிவிடலாமா என்று நினைப்பதற்குள் மைக் வந்து அதில் உட்கார்ந்துவிட்டது. கனமாக, சூடாக, பெரியவரின் வேர்வையோடு. எழுந்து நின்றாள். மரத்த காலில் ஊசி ஊசியாகக் குத்தியது, பாப்பா தோளுக்கு மாறி, முழிக்காமல், நல்லவேளை. அத்தனை தலையும் திரும்பியது. வணக்கம் என்ன ஆயிற்றோ, எங்கே விழுந்ததோ, கேள்வி மட்டும் பந்தல் முழுக்க யாரோ ஒருத்தியின் குரலில் பெரிதாகக் கேட்டது. "ஏனுங்கம்மா, அந்த ஆடு பஸ்ஸுல ஏறுச்சுங்களா இல்லீங்களா?"

சௌந்தரவல்லி அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். எந்தக் கதை என்று கேட்டார். மேகலா சொன்னாள், விடியறதுக்கு முன்னால், குழந்தை, கதவு, முதல் பஸ், கண்டக்டர். சொல்லச் சொல்ல அம்மாளின் முகம் மலர்ந்தது, அடேயப்பா, அது ரொம்பப் பழைய கதையாச்சே, யாருக்கு ஞாபகம் இருக்கும்னு நெனச்சேன் என்றார். அப்புறம் நெற்றியைச் சுருக்கினார். "ஆனா அதுல ஆடு ஏதும்மா? நான் ஆடே எழுதலையே." பந்தல் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்பு. மேகலாவுக்குக் காது ரெண்டும் சூடாகிப்போயிற்று. ஆடு இல்லையா. ஆடு இல்லாமல் எப்படி. இத்தனை மாசம், இத்தனை சண்டை, ஊறுகாய் நின்றுபோனது எல்லாம் ஆட்டால்தானே. வேறு யார் கதையையோ இந்த அம்மாளிடம் கேட்டுவிட்டேனா, தனபாக்கியம் அக்கா ரெண்டு கதையைச் சேர்த்துவிட்டதா. இல்லையே, அக்கா முதல் தடவை சொன்னபோது ஆடு வந்ததா, வந்ததா, ரோடு இருட்டாக இருந்தது, அவள் நடந்தாள், வரவில்லை. வரவில்லை. அக்காவுக்குக் காய்ச்சல் வந்து லீவு போட்ட நாள் ஒன்று, புதிதாகச் சேர்ந்த ஒருத்தி அந்தக் கதை என்ன என்று கேட்க, எல்லாரும் மேகலாவைப் பார்த்து நீ சொல்லு, உனக்குத்தான் வரி மாறாம மனப்பாடமாச்சே என்றார்கள். வாயே திறக்காதவள் திறந்தாள். சொல்லிக்கொண்டே வந்தால் அந்த இருட்டு ரோட்டில் அந்தப் பொம்பளை ஒத்தையில் போகிறது தாங்கவில்லை. ரொம்ப நிசப்தமாக இருந்தது. ஏதாவது ஒரு சத்தம் வேண்டும் போல இருந்தது, பின்னால் ம்மே என்று ஒன்று கேட்டது, அவ்வளவுதான், வந்துவிட்டது. அடுத்த நாள் அக்கா வந்தபோது டேபிளே ஆட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது, ஆமா ஆமா, ஆடு என்று அக்காவும் சொல்லிவிட்டது. ஐயோ சாமி. என் ஆடு.

பரவாயில்லம்மா, உட்காருங்க, நேரமாயிடுச்சு என்று மேடையில் ஒருத்தர் ஆரம்பித்தார். சௌந்தரவல்லி அம்மாள் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "அந்தப் பொண்ணு கேட்டதுக்குப் பதில் சொல்லிடறேன். ஆடு எனக்குத் தெரியாது. ஆனா அவளத் தெரியும். எழுதின அன்னைக்கு அவ ஏறலம்மா. திரும்பிப் போயி அடுப்பப் பத்த வெச்சுட்டா. அதை எழுத மனசு வராமத்தான் கண்டக்டரோட நிறுத்திட்டேன்." மேகலா மைக்கைப் பிடித்தபடியே நின்றாள். அப்போ அவ்வளவுதானா. திரும்பி வந்துவிட்டாளா. பஸ் வெளிச்சத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது, ரோடு மறுபடி இருட்டு, கதவை வந்தபடியே சத்தமில்லாமல் திறந்து, குழந்தையைக் கிடத்தி, ஒருத்தருக்கும் தெரியாமல், அடுப்பு. ஒத்தாசைப் பொண்ணு மைக்குக்குக் கையை நீட்டியது. மேகலா கொடுத்துவிட்டாள். கொடுத்துவிட்டு உட்காரப் போனாள். ஆனால் எழுதியவருக்கு ஆட்டைத் தெரியாதே. இந்த அம்மாளின் ரோட்டில் அவள் ஒத்தையில் நின்றாள், நிசப்தத்தில், அதனால்தான் திரும்பிவிட்டாள். டேபிளின் ரோட்டில் அவள் ஒத்தையில் இல்லையே. இத்தனை நாளும் ஆட்டை விட்டுவிட்டு எப்படி ஏறுவாள் என்றே எல்லாரும் அடித்துக்கொண்டோமே, ஆடு சும்மா நிற்குமா என்று ஒருத்தியாவது கேட்டாளா. குட்டி எங்கேயாவது நிற்குமா.

"இல்லீங்க," என்றாள். மைக் இல்லாமல், தொண்டை கிழிய, பாப்பா திடுக்கிட்டு முழிக்க. "ஏறிட்டாளுங்க. ஆடு முதல்ல ஏறிருச்சுங்க. கண்டக்டரு கேட்டுட்டு இருக்கறப்பவே ஒரே தாவு, படியில ஏறி உள்ள போயி சீட்டுக்கடியில பூந்துருச்சு. அதுக்கப்பறம் இவ ஏறாம என்னங்க பண்ணுவா?"

யாரோ கை தட்டினார்கள். முன் வரிசைப் பெரியவர் முழுசாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, அது சரி, கண்டக்டர் சும்மா விட்டானா என்று கேட்டார். கத்துனாருங்க, கத்திப்போட்டு ஆட்டுக்கு லக்கேஜ் போட்டாரு, கொழந்தைக்கு டிக்கெட் கெடையாதுன்னுட்டாரு என்றாள் மேகலா, ஒரு நொடிகூட யோசிக்காமல், இதெல்லாம் அவள் வாயில் எங்கே அடுக்கி வைத்திருந்ததோ. "எந்த ஊருக்கும்மா டிக்கெட் எடுத்தா?" என்றார் பெரியவர், விடுகிற மாதிரி இல்லை. "ஊருக்கெல்லாம் போகலீங்க," என்றாள். "வேலைக்குப் போறா. பொழுதோட திரும்பி வந்துருவா." சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. சே, இவ்வளவுதானா, வீட்டை விட்டு ஓடுகிறாள் என்றல்லவா எல்லாரும் நினைத்துக்கொண்டு பயந்தோம். ஓடவில்லையே. பொழுது சாய்ந்தால் வந்துவிடுவாளே. மேடையில் சௌந்தரவல்லி அம்மாள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி துடைக்க ஆரம்பித்தார், ரொம்ப நேரம் துடைத்தார். பொன்னாடையோடு காத்திருந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

வெளியே வந்தால் வெயில் சாய்ந்திருந்தது, மைதானம் முழுக்கப் பஜ்ஜி வாசம். காலில் ஊசி குத்துவது இன்னும் நிற்கவில்லை, அதோடேயே வேகமாக நடந்தாள். ரக்சிதா தோளில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்தாள். அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று மனசு ஒரு தரம் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தது. எண்ணெய் வைக்கிறபோதே சொல்லிவிட வேண்டியதுதான், அத்தை, பொழுதோட வந்துருவேன், பாப்பாவையும் கூட்டீட்டுத்தான் போறேன். அவர் உன் இஷ்டம் என்பார். சொல்லட்டும், இந்தத் தடவை அவர் முதுகைத் தொட்டுத் திருப்பி, ஆமாங்க, என் இஷ்டந்தானுங்க என்று சொல்லிப் பார்க்கலாம். நினைத்தாலே சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தது. போன் அடித்தது. தனபாக்கியம் அக்கா. பின்னால் கத்தரிச் சத்தமும், பேசாம இருங்கடி, கேக்க உடுங்க என்கிற சத்தமும். என்னாச்சு, பாத்தியா, கேட்டியா, என்ன சொல்லுச்சு அந்தம்மா, ஏறுனாளா இல்லையா என்று அக்கா மூச்சு விடாமல் கேட்டது. மேகலாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, பச்சை முகம், அடுப்பு, இல்லாத ஆடு, எல்லாம் முட்டிக்கொண்டு நின்றது. எங்கேயிருந்து ஆரம்பிப்பது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அது பெரிய கதைங்க்கா, போன்ல சொன்னா சரிப்படாது. நாளைக்கு வந்து சொல்றேன்."